டெலீரியத்தின் ‘சைலன்ஸ்’: எது அசல், எந்த ரிமிக்ஸை முதலில் கேட்பது?

கேள்வி இதுதான்: “டெலீரியத்தின் ‘சைலன்ஸ்’ வோக்கல் ட்ரான்ஸின் உச்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆல்பத்தில் கேட்டால் மெதுவாக, சர்ச்சில் பாடுவது மாதிரி இருக்கிறது. தேடிப் பார்த்தால் ஒரே பெயரில் ஏகப்பட்ட வடிவங்கள். எது அசல்? எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?”

நீங்கள் கேட்ட அந்த மெதுவான பாட்டுதான் முதலில் வந்தது. அதில் ட்ரான்ஸ் என்ற வேகமான கிளப் நடன இசை ஒரு துளியும் கிடையாது. கனடாவில் பதிவான அந்தப் பாட்டை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேறு ஆட்கள் பிரித்து, பாடகியின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். ஊர் உலகம் நினைவில் வைத்திருப்பது அவர்கள் கட்டியதைத்தான். ஆகவே அசல் எது என்று கேட்டால் ஆல்பம் வடிவத்தைக் காட்டலாம். எந்தப் பாட்டைப் பற்றி இவ்வளவு பேச்சு என்று கேட்டால் ரிமிக்ஸ்களைத்தான் காட்ட வேண்டும். எனக்கு இந்தப் பாட்டின் மீது தீராத பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெலீரியம் என்பது வான்கூவர் நகரத்தைச் சேர்ந்த பில் லீப், ரீஸ் ஃபுல்பர் இருவரின் முயற்சி. இவர்களுடைய முதன்மைக் குழு ஃப்ரண்ட் லைன் அசெம்ப்ளி. இரும்புப் பட்டறைச் சத்தமும் சிதைத்த குரலுமாக இருக்கும் இண்டஸ்ட்ரியல் இசை அது. லீப் அதற்கும் முன்னால் ஸ்கின்னி பப்பி என்ற, இன்னும் இருண்ட குழுவில் இருந்தவர். 1980களின் கடைசியில் டெலீரியம் தொடங்கியபோது அதுவும் பாட்டில்லாத, இருட்டான சூழல் இசைதான். 1994-இல் வந்த ‘செமான்டிக் ஸ்பேசஸ்’ ஆல்பத்தில்தான் தாளமும் பெண் குரலும் உள்ளே வந்தன. கிறிஸ்டி தர்ஸ்க் பாடினார். துறவிகளின் கிரிகோரியன் பாடலை மெதுவான டிரம் தாளத்தோடு சேர்த்து எனிக்மா என்ற இசைக்குழு 1990-லேயே உலகம் முழுக்க ஓடவிட்டிருந்தது. அந்தக் காற்று இவர்கள் பக்கமும் அடித்தது என்று சொன்னால் தப்பில்லை.

1997-இல் ‘கர்மா’ ஆல்பம் வருகிறது. அதில் ஒரு பாட்டைப் பாடியவர் சாரா மெக்லாக்லன். ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர். பியானோவும் கிட்டாருமாகத் தானே எழுதிப் பாடுகிறவர். நடனத்தளத்துக்கும் அவருக்கும் அப்போது பெரிய சம்பந்தம் எதுவும் இல்லை. அதே ஆண்டில் அவருடைய ‘சர்ஃபேசிங்’ ஆல்பம் வெளியாகி, லிலித் ஃபேர் என்ற பெண் கலைஞர்களின் இசைப் பயணத்தையும் அவர் தொடங்கி, கனடாவைத் தாண்டியும் பெரிய பெயராகிவிட்டார். அவரும் டெலீரியமும் ஒரே நிறுவனத்தில் இருந்தவர்கள்: 1984-இல் வான்கூவரில் தொடங்கிய நெட்வெர்க். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாடகியும் பாட்டும் ஒரே வீட்டில் இருந்ததால், தனியாகப் பதிவான குரலை எடுத்து ரிமிக்ஸ் செய்கிறவர்களிடம் கொடுப்பது நிறுவனத்துக்குச் சிக்கலில்லாத காரியம்.

இப்போது ஆல்பம் வடிவத்தையே இன்னொரு முறை கேளுங்கள், ஆனால் தாளத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு. மெக்லாக்லன் சொற்களை அடுக்கிக்கொண்டே போவதில்லை. சின்ன வரி ஒன்றைப் பாடுகிறார், கடைசி எழுத்தின் உயிரொலியில் நின்றுவிடுகிறார். நம் பாட்டில் கார்வை என்று சொல்வோமே, அந்த மாதிரி நீண்ட நிற்றல். அடுத்த வரிக்கு முன்னால் தாராளமாக இடம் விடுகிறார். அவருக்கே உரிய இன்னொரு பழக்கமும் இதில் இருக்கிறது: நெஞ்சுக்குரலில் ஏறிக்கொண்டே போய், உச்சியில் சட்டென்று தலைக்குரலுக்குத் தாவுவது. அந்தத் தாவலில் குரல் ஒரு கணம் உடைந்து சேரும். பல்லவியில் இது வரும் இடத்தைக் கவனித்தீர்களானால், பின்னால் ரிமிக்ஸ் செய்த எல்லோரும் எதன் மீது கண் வைத்தார்கள் என்பது புரியும்.

ஏனென்றால் வோக்கல் ட்ரான்ஸுக்கு வேண்டியது இதேதான். அந்த இசையின் அடிப்படை எளிமையானது. நிமிடத்துக்கு 130 முதல் 140 வரை அடிகள், ஒவ்வொரு அடியிலும் விழும் கிக் டிரம், அதன் இடைவெளிகளில் துள்ளும் பேஸ். மேலே சின்தசைசரின் நீண்ட பின்னணி. பாட்டின் நடுவில் தாளம் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். அதை பிரேக்டவுன் என்பார்கள். அங்கே குரலும் பின்னணியும் மட்டும் மிதக்கும், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் ஏறும், கடைசியில் தாளம் திரும்ப வந்து விழும்போது கூட்டம் குதிக்கும். வரிக்கு வரி நெருக்கமாகச் சொற்கள் இருக்கும் பாட்டை இதற்குள் வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நீண்ட கார்வையும் இடைவெளியும் உள்ள குரல் கிடைத்தால், அடி எவ்வளவு வேகமாக ஓடினாலும் குரல் அதன் மேல் தன் போக்கில் நிதானமாகப் போகும்.

அதற்காக வேலை சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். டிஜே மேசைகளில் இருக்கும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், 8 சதவீதம் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆல்பத்தில் இருக்கும் அந்த மெதுவான நடை அந்த 8 சதவீதத்தை வைத்துக்கொண்டு ட்ரான்ஸ் வேகத்தின் பக்கத்தில்கூடப் போகாது. இழுத்து வேகமாக்கினால் சுருதி ஏறி, பாடகி எலிக்குரலில் கத்துவது போலாகிவிடும். சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றும் கருவிகள் 1990களின் கடைசியில் இருந்தன, ஆனால் அதிகமாக இழுத்தால் மெய்யெழுத்துகளில் கரகரப்பு தெரியும். ஆகவே ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வெட்டி, புதிய தாளத்தில் எங்கே வைப்பது, இரண்டு வரிக்கு நடுவில் எத்தனை சுற்று விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ரிமிக்ஸ் செய்கிறவரின் ரசனை தெரிவது இந்த இடத்தில்தான். ஒரே குரல், ஒரே வரிகள், ஆனால் இடைவெளி மாறியதும் பாட்டின் மனநிலையே மாறிவிடுகிறது.

முதலில் கவனம் பெற்றவற்றில் ஃபேட் செய்த ‘சாங்க்சுவரி மிக்ஸ்’ முக்கியமானது. ஃபேட் என்பது கிறிஸ் ஃபோர்டியர், நீல் கோலோ என்ற இரண்டு அமெரிக்கர்கள். புளோரிடாவிலிருந்து வந்த இவர்களின் பாணி, ட்ரான்ஸுக்கும், மெல்ல மெல்ல வளரும் ப்ரோக்ரசிவ் ஹவுஸ் என்ற நடன இசைக்கும் நடுவில் நிற்பது. கூச்சலே இல்லை. அடி உருண்டுகொண்டே போகும், குரல் புகை போல எங்கிருந்தோ வந்து மறையும். ஆல்பம் வடிவத்தின் இருட்டை இவர்கள் அளவுக்கு வேறு யாரும் காப்பாற்றவில்லை என்பது என் எண்ணம். பட்டியல்களில் இதற்கு இடம் கிடைப்பது குறைவு. தேடிக் கேளுங்கள்.

அப்புறம்தான் அந்த இரண்டு பெரிய ரிமிக்ஸ்கள்.

டியெஸ்டோவின் முழுப் பெயர் டைஸ் வெர்வெஸ்ட். நெதர்லாந்தின் பிரேடா ஊர்க்காரர். 1997-இல் பிளாக் ஹோல் ரெக்கார்டிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 1999-இல் ‘இன் சர்ச் ஆஃப் சன்ரைஸ்’ என்ற தொகுப்பு வரிசையை ஆரம்பித்தார். ‘சைலன்ஸ்’ பாட்டுக்குச் செய்த ரிமிக்ஸுக்கும் அதே பெயரை வைத்தார். முழு வடிவம் 11 நிமிடங்களைத் தாண்டும். 2000-இல் நெட்வெர்க் அமெரிக்காவில் வெளியிட்ட அவருடைய ‘சம்மர்பிரீஸ்’ தொகுப்பிலும் இது இடம்பெற்றது. அமெரிக்க ரசிகர்கள் பலர் டியெஸ்டோ என்ற பெயரை முதலில் பார்த்தது அந்தத் தொகுப்பில்தான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர் வாசித்ததெல்லாம் அதற்கப்புறம் நடந்த கதை.

11 நிமிடம் எதற்கு என்று கேட்கலாம். இவை வீட்டில் கேட்பதற்காகச் செய்தவை இல்லை. 12 அங்குல வினைல் தட்டில், டிஜேக்கள் வாசிப்பதற்காகச் செய்தவை. முன்னும் பின்னும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு வெறும் தாளம் இருந்தால்தான், முந்தைய பாட்டோடு அடியை ஒட்டவைத்து ஒன்றுக்குள் ஒன்றாக நுழைக்க முடியும். ஆனால் டியெஸ்டோவின் ரிமிக்ஸில் அந்த நீளம் வசதிக்காக மட்டும் இல்லை. அவர் பொறுமையாகக் கட்டுகிறார். முதலில் தாளம், அப்புறம் பேஸ், அப்புறம் பின்னணியில் ஏதோ ஒளிர்வது போல ஒரு சின்த். குரல் வருவதற்கு நல்ல நேரம் ஆகும். வந்ததும் உடனே பல்லவிக்குத் தாவுவதில்லை. வரிகளை அகலமாக இடம் விட்டு வைக்கிறார், ஒவ்வொன்றும் எதிரொலித்து அடங்கிய பிறகுதான் அடுத்தது. நடுவில் தாளம் விலகும் இடத்தில் பல்லவி முழுதாகத் திறக்கிறது. கீழே பிடிமானமாக, சேர்ந்து ஒலிக்கும் சில சுரக்கூட்டுகள் மட்டும். நான் சொன்ன அந்தக் குரல் உடைந்து சேரும் தாவல் இங்கே எந்த மறைப்பும் இல்லாமல் காதில் விழுகிறது. தாளம் திரும்பி வந்த பிறகும் குரலோடு போட்டி போடும் பெரிய மெட்டு எதையும் அவர் கொண்டுவருவதில்லை. இந்த அடக்கம்தான் இந்த ரிமிக்ஸின் பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இருபது வருடம் தாண்டியும் பழைய வாடை அடிக்காமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

ஏர்ஸ்கேப்பின் வழி நேர் எதிர். ஏர்ஸ்கேப் என்பது பெல்ஜியத்தைச் சேர்ந்த யோஹான் கீலன், ஸ்வென் மேஸ் இருவர். ‘பசிஃபிக் மெலடி’, ‘லெஸ்பெரான்சா’ என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள். அடிப்படையில் மெட்டுக்காரர்கள். இவர்களுக்குக் குரல் மட்டும் போதவில்லை, பாட்டுக்குப் பதில் சொல்லும் ஒரு சின்த் மெட்டைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். ரோலண்டு நிறுவனத்தின் ஜேபி-8000 கீபோர்டு 1996-இல் வந்ததிலிருந்து, ஒரே சுரத்தைப் பல அலைகளாக லேசாகப் பிசகவைத்து அடுக்கும் சூப்பர்சா ஒலி ட்ரான்ஸின் அடையாளமாகியிருந்தது. அந்தக் காலத்துக்கே உரிய அகலமான, ஒளி நிறைந்த ஒலிதான் ஏர்ஸ்கேப் ரிமிக்ஸ் முழுவதும். மெக்லாக்லன் பாடி நிறுத்துகிறார், மெட்டு எழுந்து அரங்கை நிரப்புகிறது, திரும்பவும் அவர் வருகிறார். கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தில் வயலின்காரர் வாங்கிக்கொண்டு போவது போல.

அந்த மெட்டு எவ்வளவு வலுவானது என்றால், பின்னால் அதே இருவர் ஸ்வென்சன் அண்ட் கீலன் என்ற பெயரில் அதைத் தனியாக எடுத்து ‘தி பியூட்டி ஆஃப் சைலன்ஸ்’ என்று இன்னொரு பாட்டாகவே வெளியிட்டார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒரு பாட்டுக்கு ரிமிக்ஸ் செய்யும்போது பிறந்த மெட்டு, அசல் பாட்டின் ஒரு வரிகூட இல்லாமல் தனியாக நின்று ஓடியது. ரிமிக்ஸ் என்றால் பாட்டுக்கு அடி போட்டுத் தருவது என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் காட்டுவது இந்த ஒன்றைத்தான்.

வணிக ரீதியில் என்ன நடந்தது? பிரிட்டனில் 1999-இல் வெளியிட்டபோது விற்பனைப் பட்டியலில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2000-இன் பிற்பகுதியில் ஏர்ஸ்கேப், டியெஸ்டோ ரிமிக்ஸ்களோடு மறுபடி வெளியிட்டார்கள், 3ஆம் இடம் வரை போனது. காலமும் சாதகமாக இருந்தது. ஸ்பெயினின் இபிசா தீவின் கோடைக்காலக் கிளப்புகளில் ஓடுவது இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் வானொலிக்கு வந்துவிடும் என்பது அப்போதைய வழக்கம். 1999-இல் ஏடிபி, 2000-இல் சிக்கேன் என்று ட்ரான்ஸ் ஆட்கள் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்தையே பிடித்திருந்தார்கள். அந்த அலையில் வந்த பாட்டுகளில் பல இப்போது கேட்டால் ஒரு கோடையின் ஞாபகமாக மட்டும்தான் இருக்கின்றன. ‘சைலன்ஸ்’ நின்றதற்குக் காரணம் குரல். கிளப்புக்காக எழுதிய வரிகளைக் கூலிக்குப் பாடிய குரலாக அது இல்லை. வேறு ஒரு மனநிலையில், வேறு ஒரு வேகத்துக்காக, முழு மனதோடு பாடிய பாட்டு அது. அந்தக் கனம் எந்தத் தாளத்துக்குள் போனாலும் கூடவே போகிறது.

2004-இல் இன்னொரு சுற்று நடந்தது. லண்டனின் அபவ் அண்ட் பியாண்ட் குழு ‘21ஸ்ட் செஞ்சுரி ரிமிக்ஸ்’ என்று ஒன்று செய்தது. ஜோனோ கிராண்ட், டோனி மக்கின்னஸ், பாவோ சில்யமாகி மூவரும் அதற்குள் மடோனாவுக்கே ரிமிக்ஸ் செய்து புகழ் பெற்றிருந்தார்கள். ஒலி துல்லியம், பேஸ் கனம், எல்லாம் முதல் தரம். பிரிட்டனில் இந்த வெளியீடு 38ஆம் இடம் பிடித்தது. எனக்கு இதில் ஒரு குறை உண்டு: குரலைச் சுற்றி எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டார்கள், மெக்லாக்லன் மூச்சு விட இடமில்லை. அதே வெளியீட்டில் ஃபில்டர்ஹெட்ஸ் செய்த ரிமிக்ஸ் டெக்னோ பக்கம் சாய்ந்தது. 2008 வாக்கில் நீல்ஸ் வான் கோ, தாமஸ் கோல்டு என்ற இரண்டு ஜெர்மானியர்கள் எலக்ட்ரோ ஹவுஸாக மாற்றினார்கள். கேட்கலாம், தவறவிட்டாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை.

டெலீரியம் இதோடு நிற்கவில்லை. மெதுவான பாட்டை ஆல்பத்தில் வைப்பது, குரலை ட்ரான்ஸ் ஆட்களிடம் கொடுப்பது என்பதே இவர்களின் வழியாகிவிட்டது. 2000-இல் வந்த ‘போயம்’ ஆல்பத்தில் லீ நாஷ் பாடிய ‘இன்னோசென்டே’ டியெஸ்டோவிடம் போனது. 2003-இல் வந்த ‘கைமீரா’ ஆல்பத்தில் யாயெல் பாடிய ‘ஆஃப்டர் ஆல்’ ஸ்வென்சன் அண்ட் கீலனிடம் போனது. ‘போயம்’ ஆல்பத்தில் ‘அண்டர்வாட்டர்’ பாடியவர் ராணி. ஆஸ்திரேலியப் பாடகர் கமாலின் மகள். கமால் என்று மேடைப்பெயர் வைத்துக்கொண்ட கந்தையா கமலேஸ்வரன் மலேசியாவில் பிறந்த தமிழர், ஈழத்துப் பூர்வீகம் உள்ளவர். வான்கூவரில் எழுதிய பாட்டு, நம் வீட்டுப் பெண்ணின் குரல், ரிமிக்ஸ் செய்தது நெதர்லாந்தின் ரேங்க் ஒன். எனக்கு இது மிகவும் பிடித்த தகவல். ரிமிக்ஸும் அருமையாக இருக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? டியெஸ்டோவின் முழு வடிவத்தை முதலில் கேளுங்கள், ஹெட்ஃபோனில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல். அடுத்தது ஆல்பம் வடிவம். இந்த வரிசையில் கேட்டால், முன்பு சர்ச் பாட்டாகத் தோன்றியதில் ரிமிக்ஸுக்கான விதை எங்கெங்கே இருந்தது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். பிறகு ஏர்ஸ்கேப்பைச் சத்தமாக, முடிந்தால் நல்ல ஸ்பீக்கரில். ஃபேட் ரிமிக்ஸ் இரவு நேரத்துக்கு நன்றாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. செயலிகளில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் ‘எடிட்’ என்று முடியும் சுருக்கங்கள், வானொலிக்காக நான்கு நிமிடத்துக்குள் வெட்டியவை. டியெஸ்டோவின் ரிமிக்ஸ் அந்த வெட்டில்தான் மிக அதிகமாகச் சேதப்படுகிறது. பொறுமையாகக் கட்டிய முன்பகுதி முழுவதும் போய், பல்லவி எடுத்த எடுப்பில் வந்துவிடும். பெயர் சரியாக இருந்தாலும் நேரத்தைப் பாருங்கள். 11 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அது அந்த ரிமிக்ஸின் முழு வடிவம் இல்லை.